ஃபோன் சர்வரில் டிஸ்க் ஃபுல்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

அலுவலக ஃபோன் சர்வரில் டிஸ்க் நிரம்பினால், "இடம் தீர்ந்துவிட்டது" என்று யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். நேற்று மதியத்துக்கு மேல் ரெக்கார்டிங் ஒன்றையும் காணோம் என்பார் சூப்பர்வைசர். வாய்ஸ்மெயில் விட்டேனே, கேட்கவில்லையா என்பார் வாடிக்கையாளர். அட்மின் பக்கத்தில் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வரும். கால் மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும். பேச்சு நெட்வொர்க்கிலும் மெமரியிலும் நடக்கிற வேலை, அதற்கு டிஸ்க் தேவையில்லை. அதனால்தான் இந்தப் பிரச்சினை நாள்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது.

ஆஸ்டரிஸ்க் (கால்களை இணைக்கும் மென்பொருள்) மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் (அதை நிர்வகிக்கும் வெப் பக்கம்) சர்வரை வைத்தே இதை எழுதுகிறேன். ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12 மேல் ஓடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளைப் பெரும்பாலானோர் சென்ட்ஓஎஸ் 7 அடிப்படையிலான டிஸ்ட்ரோவில் வைத்திருக்கிறார்கள். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் ஃபுல் என்றதும் கை நேராக ரெக்கார்டிங் ஃபோல்டருக்குத்தான் போகும், ஏனென்றால் பெரிதாகத் தெரிவது அதுதான். ஆனால் அந்தச் சர்வரில் போனால் திரும்பி வராததும் அதுதான். லாக் நாளைக்கு மறுபடி உருவாகும், அப்டேட் கேச் மறுபடி இறங்கும். வாடிக்கையாளர் போன மாதம் பேசியது மறுபடி பேசப்படாது. ஆகவே மதிப்பில்லாததை முதலில் எடுங்கள், ரெக்கார்டிங்கைக் கடைசியில் தொடுங்கள். அதையும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, சரிபார்த்துவிட்டு, அப்புறம் அழியுங்கள்.

எதையும் தொடும் முன்

டிஸ்க் நிரம்பிய நிலையில் இரண்டு காரியங்கள் கூடாது. ரீபூட் செய்யாதீர்கள். அட்மின் பக்கத்தில் மேலே தெரியும் சிவப்பு நிற "அப்ளை கான்ஃபிக்" பட்டனையும் அழுத்தாதீர்கள். அந்தப் பட்டன் ஆஸ்டரிஸ்க்கின் கான்ஃபிக் ஃபைல்களை மறுபடி எழுதும். பழைய ஃபைலை வெறுமையாக்கிவிட்டுப் புதியதை எழுதப் போகும்போது இடமில்லை என்றால், மிஞ்சுவது பூஜ்ய பைட் ஃபைல். இப்போது மெமரியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்டரிஸ்க், அடுத்த முறை எழும்போது எக்ஸ்டென்ஷன் (அலுவலக உள் எண்) ஒன்றுகூட இல்லாமல் எழுந்திருக்கும்.

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் மூன்று கட்டளைகள் கொடுங்கள்:

டிஎஃப் -ஹெச்
டிஎஃப் -ஐ
டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 /வார் | சார்ட் -ஹெச்

முதலாவது எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியது என்று காட்டும். இரண்டாவது ஐநோடு கணக்கு; ஐநோடு என்பது ஃபைல் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் ஒரு பதிவு இடம். இடம் இருந்தும் ஐநோடு தீர்ந்துபோவது உண்டு, அதைக் கீழே தனியாகப் பார்ப்போம். மூன்றாவது /வார் ஃபோல்டருக்குள் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும். அதிலுள்ள எக்ஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் மவுண்ட் செய்திருக்கும், அதாவது ஒரு ஃபோல்டராக இணைத்திருக்கும், நாஸ் (நெட்வொர்க் டிஸ்க்) பெட்டியையும் சேர்த்து எண்ணி உங்களைக் குழப்பிவிடும். வரும் பட்டியல் இந்த மாதிரி இருக்கும்:

1.1ஜி /வார்/கேச்
4.6ஜி /வார்/லிப்
38ஜி /வார்/லாக்
171ஜி /வார்/ஸ்பூல்

இதைப் பார்த்ததும் ஸ்பூல்தான் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் அந்த 171 ஜிபி இரண்டு வருடத்து ரெக்கார்டிங்காக, மெதுவாக வளர்ந்ததாக இருக்கலாம். ஒரே வாரத்தில் பூதமாக வளர்ந்து டிஸ்க்கை நிரப்பியது அந்த 38 ஜிபி லாக். பெரியது எது என்பதைவிட, அண்மையில் வளர்ந்தது எது என்று பாருங்கள். அதற்கு இது உதவும்:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -சைஸ் +300எம் -எம்டைம் -7 -எக்ஸெக் எல்எஸ் -எல்ஹெச் {} +

கடந்த ஏழு நாளில் எழுதப்பட்ட, 300 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல்கள் வரிசையாக வரும். பாதி நேரம் காரணம் இந்த ஒரு பட்டியலிலேயே கிடைத்துவிடும். யாரோ ஒருவர் ஆடியோ பிரச்சினையை ஆராயத் தொடங்கி நிறுத்த மறந்த டிசிபிடம்ப் கேப்சர் (நெட்வொர்க் போக்குவரத்தின் பதிவு) ரூட் ஃபோல்டரில் கிடக்கும். ஆஸ்டரிஸ்க் விழுந்தபோது விட்டுப்போன கோர் ஃபைல்கள் /டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும். இரண்டையும் யோசிக்காமல் எடுக்கலாம், விழுந்ததற்கான காரணத்தை யாரும் ஆராய்ந்துகொண்டிருக்காத வரை.

வேலை செய்ய முதலில் கொஞ்சம் இடம்

டேட்டாபேஸை எழுப்பவே சில நூறு எம்பி வேண்டும். அதைப் பாதிப்பில்லாமல் பெற, டெபியனில் "ஏபிடி கிளீன்", சென்ட்ஓஎஸ்ஸில் "யம் கிளீன் ஆல்". அடுத்து சிஸ்டம் ஜர்னல்:

ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்
ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகி யூசருக்கு) என்று ஒதுக்கி வைக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் அது 25 ஜிபி. ஆஸ்டரிஸ்க்கும் மரியாடிபி டேட்டாபேஸும் ரூட்டாக ஓடுவதில்லை, தங்கள் சொந்த யூசரில் ஓடுகின்றன. அதனால்தான் நீங்கள் ரூட்டாக ஒரு ஃபைல் உருவாக்கிப் பார்த்தால் உருவாகும், ஆஸ்டரிஸ்க் மட்டும் இடமில்லை என்று புலம்பும். "டியூன்2எஃப்எஸ் -எம் 1" என்று கொடுத்து, டிஎஃப் காட்டிய டிவைஸ் பெயரையும் சேர்த்தால் ஒதுக்கீடு 1 சதவீதமாகக் குறைந்து, அந்த நொடியே இடம் கிடைக்கும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் இது செல்லாது. இந்த வழியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரம்பும்போது இந்த ஒதுக்கீடு கைகொடுக்க இருக்காது.

அறிகுறி: அட்மின் பக்கம் திறக்கவில்லை, அல்லது லாகின் ஆகவில்லை

லாகின் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தால், பிஎச்பி தன் செஷன் ஃபைலை எழுத முடியவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. பக்கத்தில் எஸ்கியூஎல்ஸ்டேட் என்று தொடங்கும் 2002 பிழை வந்தால் மரியாடிபி படுத்துவிட்டது.

கொஞ்சம் இடம் கிடைத்ததும் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் மரியாடிபி" கொடுங்கள். எழுந்ததும் "மைஎஸ்கியூஎல்செக் --ஆட்டோ-ரிப்பேர் --ஆல்-டேட்டாபேசஸ்" ஓட்டுங்கள். பழைய சர்வர்களில் சில டேபிள்கள் மைஐசாம் வகையில் இருக்கும். நடுவில் எழுத்து நின்றுபோனால் அவைதான் முதலில் உடையும்.

அப்புறம் /இடிசி/ஆஸ்டரிஸ்க் ஃபோல்டரில் பூஜ்ய பைட் ஃபைல் ஏதாவது உண்டா என்று "ஃபைண்ட் /இடிசி/ஆஸ்டரிஸ்க் -சைஸ் 0" கொடுத்துப் பாருங்கள். பெயரில் கஸ்டம் என்று முடிபவை வெறுமையாக இருப்பது இயல்பு. எக்ஸ்டென்ஷன்ஸ் அடிஷனல், பிஜேசிப் (ஃபோன்களை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் பகுதி) தொடர்பானவை வெறுமையாக இருந்தால்தான் கவலை. இடம் கிடைத்தபின் "எஃப்டபிள்யூகன்சோல் ரீலோட்" கொடுத்தால் டேட்டாபேஸில் உள்ளதை வைத்து அவை மறுபடி எழுதப்பட்டுவிடும். ரீஸ்டார்ட் வேறு, ரீலோட் வேறு: ரீஸ்டார்ட் நடந்துகொண்டிருக்கும் கால்களைத் துண்டித்துவிடும்.

அறிகுறி: கால் போகிறது, ரெக்கார்டிங் இல்லை

ரெக்கார்டிங்குகள் /வார்/ஸ்பூல்/ஆஸ்டரிஸ்க்/மானிட்டர் ஃபோல்டருக்குள் வருடம், மாதம், நாள் என்று அடுக்கப்பட்டிருக்கும். புகார் வந்த நாளின் ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் -எல்ஹெச் கொடுத்து, சைஸையும் நேரத்தையும் பாருங்கள்:

11:37 2.9எம்
11:41 1.4எம்
11:44 0
11:46 0
11:49 0

11:41க்கும் 11:44க்கும் நடுவில் இடம் தீர்ந்திருக்கிறது. நேரம் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது நல்லது. எந்தக் கால்கள் பதிவாகவில்லை என்று மேலாளரிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிடலாம். அதே நேரத்தில் வேறு எது ஓடியது என்றும் தேடலாம்.

பூஜ்யத்துக்குப் பதில் 44 என்று இருந்தால் கதை வேறு. வேவ் ஃபைலின் தலைப்பகுதி மட்டும் 44 பைட். ஃபைல் திறந்தது, தலைப்பும் எழுதப்பட்டது, ஒலி மட்டும் வந்து சேரவில்லை. மணி அடித்து யாரும் எடுக்காத கால்களில் இது சகஜம். பேசிய காலிலும் 44 என்றால் ஆர்டிபி (ஒலி வந்து போகும்) போர்ட்டையும் ஃபயர்வாலையும் பாருங்கள்; டிஸ்க்கை விட்டுவிடுங்கள்.

இனி ரெக்கார்டிங் ஏன் இவ்வளவு இடம் தின்கிறது என்ற கணக்கு. சாதாரண வேவ் வடிவம் நொடிக்கு 8,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 2 பைட். நொடிக்கு 16,000 பைட், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 20 பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேசினால் நாளுக்கு 2,400 நிமிடம், அதாவது 2.3 ஜிபி. 25 வேலை நாளில் 57 ஜிபியைத் தாண்டிவிடும். அதே பேச்சை வேவ்49 வடிவத்தில் வைத்தால் நொடிக்கு 1,625 பைட்தான், மாதத்துக்கு 6 ஜிபிக்குள் முடிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு.

பின்னே எல்லோரும் வேவ்49க்கு மாறிவிடலாமே என்றால், அது ஜிஎஸ்எம் சுருக்கம். யார் என்ன சொன்னார் என்று காதால் கேட்டுத் தீர்த்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். ரெக்கார்டிங்கை எழுத்தாக்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வேவ் வடிவத்திலேயே விடுங்கள்; இழந்த ஒலியை மறுபடி கொண்டுவர வழியில்லை. என் பரிந்துரை: பதிவது வேவ் ஆக இருக்கட்டும், ஒரு மாதம் கழிந்ததைச் சுருக்கி வையுங்கள்.

சுருக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கால் விவரம் தங்கும் சிடிஆர் டேபிளில் ரெக்கார்டிங்ஃபைல் என்று ஒரு நெடுவரிசை உண்டு. ஃபைலின் பெயர் அதன் வகையைச் சொல்லும் கடைசிப் பகுதியோடு அதில் பதிவாகியிருக்கும். டிஸ்க்கில் வேவ் ஃபைலை எம்பி3 ஆக்கிவிட்டு அந்த நெடுவரிசையை அப்படியே விட்டால், ரிப்போர்ட்டில் பிளே பட்டனை அழுத்தும்போது ஃபைல் இல்லை என்றே வரும். ஒலி பத்திரமாக இருக்கும், யாராலும் தேடி எடுக்க முடியாது. ஆகவே மாற்றும் ஸ்கிரிப்டே டேபிளையும் திருத்த வேண்டும். ஒரு நாளின் ஃபோல்டரில் மட்டும் செய்து பார்த்து, ரிப்போர்ட் பக்கத்தில் கேட்டுவிட்டு, மீதியைத் தொடருங்கள்.

நாஸுக்கு நகர்த்துவதென்றால் "ஆர்சிங்க் -ஏ" பயன்படுத்துங்கள். வெறும் சிபி (நகல் கட்டளை) கொடுத்தால் ஃபைலின் தேதி இன்றைய தேதியாகிவிடும். பின்னால் எம்டைம் வைத்து 90 நாளுக்கு முந்தையதைத் தேடினால் ஒன்றும் சிக்காது. நகலெடுத்தபின் "ஆர்சிங்க் -ஏஎன்விசி" என்று இன்னொரு முறை ஓட்டுங்கள். எதையும் எழுதாமல் இரு பக்கத்தையும் செக்சம் வைத்து ஒப்பிடும். நகலாக வேண்டிய ஃபைல் என்று ஒன்றுகூட அது காட்டாவிட்டால் மட்டும் மூலத்தை அழியுங்கள். மூலத்தை அழிக்கும்போதும், ஃபைண்ட் கட்டளையின் முடிவில் முதலில் -பிரிண்ட் போட்டுப் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே வரியில் -பிரிண்ட் இருந்த இடத்தில் -டெலிட் போடுங்கள். ரெக்கார்டிங்கைத் திரும்ப சர்வருக்குக் கொண்டுவந்தால் அதன் ஓனர் ஆஸ்டரிஸ்க் யூசராக இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது "எஃப்டபிள்யூகன்சோல் சிஎச்ஓடபிள்யூஎன்" ஓட்டுங்கள்.

எத்தனை மாதம் வைப்பது என்பதை சர்வர் பார்ப்பவர் முடிவு செய்யக் கூடாது. அது நிறுவனத்தின் முடிவு, எழுத்தில் வர வேண்டும். இந்தியாவில் பங்குத் தரகர்களைப் போல, வாடிக்கையாளர் ஃபோனில் கொடுத்த ஆர்டருக்குச் சான்று வைத்திருக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று பேச்சுவாக்கில் சொன்னதை நம்பி அழித்தால், பிரச்சினை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பதிவின் அளவைக் குறைக்க இன்னொரு வழி, தேவையற்றதைப் பதியாமல் இருப்பது. எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றிலும் வெளியிலிருந்து வருவது, வெளியே போவது, உள்ளிருந்து வருவது, உள்ளே போவது என நான்கு தனித்தனி அமைப்புகள் உண்டு. நான்கையும் ஃபோர்ஸ் (கட்டாயம் பதி) என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ரிசப்ஷனும் கணக்குப் பிரிவும் பேசிக்கொள்வதைப் பதிந்து வைத்து யாருக்கு என்ன பயன்? உள் கால்கள் இரண்டையும் நிறுத்தினால் இடமும் மிஞ்சும், ஊழியர்களும் நிம்மதியாகப் பேசுவார்கள்.

அறிகுறி: வாய்ஸ்மெயில் விழவில்லை, சில ஃபோன்கள் சர்வரில் தங்கள் பதிவை (ரெஜிஸ்ட்ரேஷன்) இழக்கின்றன

பிஜேசிப் எக்ஸ்டென்ஷன்கள் எந்த முகவரியிலிருந்து பதிந்திருக்கின்றன என்பதை ஆஸ்டரிஸ்க் தன் சொந்தச் சிறு டேட்டாபேஸில் எழுதி வைக்கிறது. அதுவும் அதே டிஸ்க்கில், /வார்/லிப்/ஆஸ்டரிஸ்க் ஃபோல்டரில். அது எழுத முடியாவிட்டால் பதிவில் கோளாறு வரும். ஃபோனையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் டிஎஃப் பாருங்கள்.

வாய்ஸ்மெயில் ஃபோல்டர் பெரிதாக இருந்தால் வாய்ஸ்மெயில் கான்ஃபிக்கில் ஃபார்மட் வரியைக் கவனியுங்கள். அங்கே வேவ்49, ஜிஎஸ்எம், வேவ் என்று மூன்றும் இருந்தால், ஒரே செய்தி மூன்று ஃபைலாகச் சேமிக்கப்படுகிறது. ஒன்றே போதும். வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகள் பழைய செய்திகளோடு அப்படியே இருக்கும், அவற்றையும் பாருங்கள். இமெயிலில் அனுப்பியதும் சர்வரில் அழித்துவிடும் வசதியைப் போடும் முன், அந்த இமெயில் உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்று சோதியுங்கள். சேராத முகவரிக்கு அனுப்பிவிட்டு சர்வரிலும் அழித்தால் செய்தி எங்குமே இருக்காது.

அறிகுறி: லாக் ஃபோல்டர் ஒரே வாரத்தில் வீங்கிவிட்டது

/வார்/லாக்/ஆஸ்டரிஸ்க் உள்ளே ஃபுல் என்ற ஃபைல்தான் வழக்கமாகக் காரணம். அழிக்கும் முன் கடைசி நூறு வரியைப் படியுங்கள். ஏன் வளர்ந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

சிப் (கால் அமைக்கும்) செய்திகள் முழுதாக வரிவரியாக ஓடினால், யாரோ டிரேஸ் போட்டுவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆஸ்டரிஸ்க் கன்சோலில் "பிஜேசிப் செட் லாகர் ஆஃப்", "ஆர்டிபி செட் டீபக் ஆஃப்", "கோர் செட் டீபக் 0" மூன்றும் கொடுங்கள். ஆர்டிபி டீபக் கொடியது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி, வழக்கமான 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டில் ஒரு திசைக்கே நொடிக்கு 50 வரி.

வரிகள் எல்லாம் தவறான பாஸ்வேர்டு, இல்லாத எக்ஸ்டென்ஷன் என்று வெளிநாட்டு ஐபிகளிலிருந்து வந்தால், வெளியிலிருந்து யாரோ 5060 போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். யூசர் ஏஜென்டில் ஃபிரெண்ட்லி-ஸ்கேனர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்தான் நட்பு, சிப்விஷியஸ் என்ற ஸ்கேனிங் கருவியின் அடையாளம் அது. இப்போது லாக்கை அழிப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான். ஃபயர்வாலில் உங்கள் டிரங்க் (வெளி லைன் தரும்) நிறுவனத்தின் ஐபி, கிளை அலுவலக ஐபி தவிர மற்றதை மூடுங்கள். ஃபெயில்2பேன் (தவறாக முயன்றுகொண்டிருக்கும் ஐபியைத் தடுப்பது) ஓடுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அதுவும் நின்றுபோயிருக்கலாம். அப்படி நின்றிருந்தால், அந்த நேரத்தில் வெளிநாட்டுக் கால் ஏதும் போயிருக்கிறதா என்று சிடிஆரைப் புரட்டிப் பார்ப்பது அவசியம். இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் வேண்டாம், டிரங்க் பில்லில் தெரியவரும்போது காசு போயிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் கொடுத்து அழிக்காதீர்கள். "ட்ரங்கேட் -எஸ் 0" கொடுத்து ஃபைலின் பெயரைச் சேருங்கள். ஃபைல் இருக்கும், உள்ளடக்கம் போகும், இடம் உடனே திரும்பும். ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

லாக் ஃபோல்டரில் இரண்டு ஃபைல்களைத் தனியாக நினைவில் வையுங்கள். சிடிஆர்-சிஎஸ்வி ஃபோல்டரில் இருக்கும் மாஸ்டர் ஃபைல், கால் விவரத்தை டேட்டாபேஸோடு சேர்த்து இன்னொரு பிரதியாக எழுதிக்கொண்டே போகும். ரொடேட் ஆகாமல் (பழையதை ஒதுக்கிப் புதிய ஃபைல் தொடங்காமல்) வருடக்கணக்கில் வளர்ந்திருக்கும். மற்றது கியூ_லாக். கால் சென்டர் ரிப்போர்ட் மென்பொருள்கள் அதைத்தான் படிக்கின்றன. முன்னதை நகர்த்தலாம். பின்னதை ரிப்போர்ட் பார்ப்பவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அறிகுறி: அழித்தாகிவிட்டது, இடம் மட்டும் திரும்பவில்லை

டியூ 60 ஜிபி என்கிறது, டிஎஃப் 200 ஜிபி என்கிறது. இதற்கு இரண்டு காரணங்களைத் தேடுங்கள்.

ஒன்று, அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் ஆர்எம் பெயரை மட்டும்தான் எடுக்கும். பிடித்திருக்கும் கடைசி புரோகிராம் விடும்வரை இடம் விடுபடாது. "எல்எஸ்ஓஎஃப் +எல்1" கொடுத்தால் பெயர் போன ஃபைல்களையும் அவற்றைப் பிடித்திருப்பது யார் என்பதையும் காட்டும். ஆஸ்டரிஸ்க் என்றால் கன்சோலில் "லாகர் ரொடேட்" போதும், கால் எதுவும் அறுபடாது. அப்பாச்சி அல்லது மரியாடிபி என்றால் அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மற்றது கொஞ்சம் ஒளிந்திருப்பது. ரெக்கார்டிங் ஃபோல்டரின் மேல் நாஸ் மவுண்ட் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பும்போது சர்வர் முதலில் எழுந்தது, நாஸ் பிறகு எழுந்தது. மவுண்ட் நடக்கவில்லை. ஆஸ்டரிஸ்க்குக்கு அது தெரியாது. ஃபோல்டர் இருக்கிறது, எழுதுகிறது, எல்லாம் உள் டிஸ்க்கில் விழுகிறது. பிறகு யாரோ மவுண்ட் செய்துவிட்டார்கள். இப்போது அந்த ஃபைல்கள் மவுண்டுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. டியூவின் கணக்கில் அவை வராது. பார்க்க வேண்டுமென்றால்:

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
டியூ -எஸ்ஹெச் /எம்என்டி/வார்/ஸ்பூல்/ஆஸ்டரிஸ்க்/மானிட்டர்

அங்கே கிடைக்கும் ரெக்கார்டிங்குகளை அழித்துவிடாதீர்கள். அவை நாஸில் இல்லாதவை, காணோம் என்று சூப்பர்வைசர் தேடிய அதே நாட்களுடையவை. ஆர்சிங்க்கால் நாஸுக்கு நகர்த்திவிட்டு, /எம்என்டி மவுண்டை எடுங்கள். மறுபடி நடக்காமல் இருக்க, நாஸ் மவுண்ட் ஆகாத நேரம் பார்த்து அந்த வெற்று ஃபோல்டரின் மேல் "சிஎச்ஏடிடிஆர் +ஐ" போட்டுவிடலாம். அப்புறம் மவுண்ட் இல்லாதபோது எழுத முயன்றால் பிழை வரும். பிழை வந்தால் லாக்கில் தெரியும், மறைவாக நிரம்பாது.

அறிகுறி: டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, சர்வர் இல்லை என்கிறது

ஐநோடு தீர்ந்திருக்கிறது. டிஎஃப் -ஐ 100 சதவீதம் காட்டும். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் எங்கோ குவிந்திருக்கின்றன. ஃபோன் சர்வரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயில்ட்ராப். கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஒவ்வொன்றும் எதையாவது அச்சிட்டால் அதை இமெயிலாக அனுப்பப் பார்க்கும். மெயில் சர்வீஸ் நின்றிருந்தால் நிமிடத்துக்கு ஒன்றாக அங்கே சேர்ந்துகொண்டே போகும். அந்த ஃபோல்டரில் எல்எஸ் கொடுத்தால் வெகுநேரம் அசையாது, ஆர்எம் நட்சத்திரக்குறி கொடுத்தால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். "ஃபைண்ட்" அந்தப் பாதை, "-டைப் எஃப் -டெலிட்" போதும். அழிக்கும் முன், வரிசையில் முக்கியமான வாய்ஸ்மெயில் அறிவிப்பு ஏதும் நிற்கிறதா என்று "மெயில்கியூ" ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் எந்தக் கிரான் பேசிக்கொண்டே இருந்தது என்று பிடித்து, மெயில் சர்வீஸையும் சரி செய்யுங்கள்.

அறிகுறி: /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் பெரிதாக இருக்கிறது

ஏறக்குறைய எப்போதும் செல் (சேனல் நிகழ்வுகளின் பதிவு) டேபிள். சிடிஆர் ஒரு காலுக்கு ஒன்றோ சிலவோ வரிகள் எழுதும். செல், சேனல் தொடங்கியது, பதில் வந்தது, இணைந்தது, பிரிந்தது, முடிந்தது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி எழுதும். எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் அடிக்கும் கியூவில் ஒரு காலுக்கே பல சேனல், ஒவ்வொன்றுக்கும் அதே வரிசை.

டெலீட் கொடுத்துப் பழைய வரிகளை எடுத்தால் டேபிளுக்குள் இடம் காலியாகும், இன்னோடிபி வகை டேபிளில் டிஸ்க்குக்கு அது திரும்பாது. திரும்ப "ஆப்டிமைஸ் டேபிள்" ஓட்ட வேண்டும். அது டேபிளின் புதிய பிரதியை உருவாக்கிவிட்டுத்தான் பழையதை விடும். 20 ஜிபி டேபிளுக்கு 5 ஜிபி காலியிடம் வைத்துக்கொண்டு இதைத் தொடங்கினால் நடுவில் மறுபடி நிரம்பக்கூடும். செல் விவரம் தேவையில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால் "ட்ரங்கேட் டேபிள் செல்" ஒரே நொடியில் வேலையை முடிக்கும், டேபிள் தனி ஃபைலில் இருக்கும் பட்சத்தில். சிடிஆர் டேபிளுக்கு இந்த வேலை ஒருபோதும் வேண்டாம். ரெக்கார்டிங்கைக் காலோடு இணைப்பது அதுதான்.

அறிகுறி: தினமும் அதிகாலையில் நிரம்பி, காலையில் சரியாகிவிடுகிறது

பேக்கப். முதலில் ஒரு தற்காலிக இடத்தில் எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாக (மூட்டையாக)க் கட்டி, பிறகுதான் வெளியே அனுப்புகிறது. ரெக்கார்டிங்கையும் பேக்கப்பில் சேர்த்திருந்தால் 150 ஜிபியைக் கட்ட இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் கேட்கும். ரெக்கார்டிங்கை பேக்கப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆர்சிங்க்கில் தனியாக அனுப்புங்கள். கான்ஃபிக், டேட்டாபேஸ், வாய்ஸ்மெயில் மட்டும் பேக்கப்பில் இருக்கட்டும். எத்தனை பிரதி வைப்பது என்ற அமைப்பு வெறுமையாக இருந்தால் பழையவை /வார்/ஸ்பூல்/ஆஸ்டரிஸ்க்/பேக்கப் உள்ளே என்றென்றைக்கும் தங்கும். அதே சர்வரில் இருக்கும் முப்பது பிரதிகள், அந்த டிஸ்க் போனால் ஒன்றுக்கும் உதவாது. இங்கே இரண்டு, வெளியே மீதி.

அறிகுறி: அப்டேட் மட்டும் தோற்கிறது

/பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும். காரணம் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்புகள்). டெபியனில் "ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்", சென்ட்ஓஎஸ் 7இல் "பேக்கேஜ்-கிளீனப் --ஓல்ட்கெர்னல்ஸ் --கவுண்ட்=2". /பூட் உள்ளே கையால் எதையும் அழிக்க வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அந்த சர்வரில் இருப்பவர்கள் இடத்தோடு சேர்த்து மாற்றத்தையும் திட்டமிடுங்கள்; புதிய சர்வரில் மானிட்டர் ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள். அப்போது ரெக்கார்டிங் நிரம்பினால் ரெக்கார்டிங் மட்டும் நிற்கும், டேட்டாபேஸும் லாகினும் தப்பிக்கும்.

எல்லாம் முடிந்தபின்

80 சதவீதத்தைத் தாண்டினால் இமெயில் அனுப்பும் ஐந்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் போடுங்கள். இடத்தோடு ஐநோடையும் அது பார்க்கட்டும். நாஸ் மவுண்ட் இருக்கிறதா என்பதை "மவுண்ட்பாயிண்ட்" கட்டளையால் அதிலேயே சோதிக்கலாம். அந்த இமெயில் இதே சர்வரின் உடைந்த மெயில் சர்வீஸ் வழியாகப் போகக் கூடாது, வெளி எஸ்எம்டிபி வழியாகப் போகட்டும்.

பிறகு உங்கள் மொபைலிலிருந்து அலுவலக எண்ணுக்கு ஒரு கால் போடுங்கள். ஒருவர் எடுத்துப் பேசட்டும். ரிப்போர்ட் பக்கத்தில் அந்தக் கால் வருகிறதா, பிளே பட்டனில் இரு பக்கக் குரலும் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது காலை யாரும் எடுக்காமல் விட்டு, வாய்ஸ்மெயில் விட்டு, ஃபோனில் விளக்கு எரிகிறதா, அது இமெயிலில் வருகிறதா என்றும் பாருங்கள். ரெக்கார்டிங் விடுபட்ட நேரம் 11:44 முதல் எதுவரை என்பதை, அந்த இடைவெளியில் சிடிஆரில் இருக்கும் கால்களின் பட்டியலோடு சேர்த்து, மேலாளருக்கு அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.